துடுப்பு இனி யார் கையில்?

ஜிம் ஹென்சனின் 'தி ஸ்டோரிடெல்லர்' தொடரில் எந்த அத்தியாயம் சிறந்தது என்று பேச்சு வந்தால் பெரும்பாலானோர் 'ஹான்ஸ் மை ஹெட்ஜ்ஹாக்' என்பார்கள். முள்ளெலி உருவில் பிறந்து, பெற்ற தகப்பனே வெட்கப்பட்டு ஒதுக்கிய பிள்ளையின் கதை அது. 1987-இல் எம்மி விருது வாங்கியதும் அதுதான். நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது 'தி லக் சைல்ட்', அதிர்ஷ்டக் குழந்தை. அதுவும் அந்தக் குழந்தைக்காக அல்ல. கதையின் பிற்பகுதியில் சிறிது நேரமே வந்துபோகும் ஒரு ஓடக்காரருக்காக.

சாதி ஒழிப்பைப் பேசும் இடத்தில் வெள்ளைக்காரப் பொம்மைத் தொடருக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஐரோப்பாவிலும் சாதி இருந்தது என்று நிறுவ நான் வரவில்லை. அங்கே இருந்தது நிலப்பிரபுத்துவம். அதன் கொடுமை வேறு, சாதியின் கொடுமை வேறு. ஆனால் பிறப்பை வைத்து ஒருவரின் தலையில் எழுதப்படுவது என்ன, அந்த எழுத்தை மாற்றுவது யார், ஒரே வேலையிலிருந்து ஆயுள் முழுக்க இறங்க முடியாமல் ஒருவரைக் கட்டிவைப்பது எது என்ற கேள்விகள் மூன்றும் அந்த அரைமணி நேரக் கதைக்குள் கிடக்கின்றன. நம்மைவிட அதிகமாக இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் யார்?

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹென்சனின் மகள் லிசா ஹார்வர்டில் நாட்டார் கதைகளைப் படித்தவர். அவரிடமிருந்து கிளம்பிய யோசனை இது. எல்லாக் கதைகளையும் எழுதியவர் ஆந்தனி மிங்கெல்லா. பிற்காலத்தில் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய அதே இயக்குநர். பெரிய மூக்கும் நீண்ட காதுகளும் ஒட்டிக்கொண்டு, ஜான் ஹர்ட் ஒரு கிழக் கதைசொல்லியாக அடுப்பங்கரை நெருப்பின் அருகே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு நாய். அது பொம்மை, பேசும், கதைக்கு நடுவே சந்தேகம் கேட்கும். அதை இயக்கிக் குரல் கொடுத்தவர் ஹென்சனின் மகன் பிரையன். மொத்தம் ஒன்பதே கதைகள். அதில் ஒன்றுதான் நான் பேசும் கதை. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள, பிசாசின் மூன்று பொன்முடிகளைப் பற்றிய கதையே அதற்கு மூலம்.

கதை இதுதான். கொடுங்கோல் அரசன் ஒருவனுக்கு ஒரு தீர்க்கதரிசனம் காதில் விழுகிறது. ஏழாவது மகனுக்கு ஏழாவது மகனாக ஓர் ஏழை வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, அதுதான் பின்னாளில் இந்த நாட்டை ஆளும் என்று. அரசன் அந்தக் குழந்தையைத் தேடிப் பிடித்துக் கொல்லப் பார்க்கிறான். குழந்தை பிழைத்து, வேறு யாரோ எடுத்து வளர்க்க, வாலிபனாகிறது. விஷயம் தெரிந்ததும் அரசன் அவன் கையிலேயே அரசிக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறான். இதைக் கொண்டுவருபவனைக் கொன்றுவிடு என்பது அதன் சாரம். வழியில் ஒரு திருடர் குடிலில் பையன் தூங்கும்போது கடிதம் மாற்றி எழுதப்படுகிறது: இவனுக்கு இளவரசியைத் திருமணம் செய்துவை. அப்படியே நடக்கிறது. திரும்பிவந்த அரசன் கொதிக்கிறான். கிரிஃபினின் பொன் இறகைக் கொண்டுவந்தால்தான் மருமகன் என்று, திரும்பியே வரமுடியாத இடத்துக்கு அனுப்புகிறான். கிரிஃபின் என்பது கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட பூதப் பறவை. ஹென்சனின் பட்டறை செய்த பொம்மைகளில் நான் மறக்காத ஒன்று.

அந்த இடத்துக்குப் போக நீரைக் கடக்க வேண்டும். அங்கேதான் ஓடக்காரர் இருக்கிறார்.

யாருடைய தலையெழுத்து?

இந்தக் கதையை விதியின் வெற்றி என்று வாசிப்பவர்கள் உண்டு. தலையில் எழுதியது நடந்தே தீரும், பார்த்தாயா என்பார்கள். நம் ஊரில் இந்த வாசிப்புக்கு மவுசு அதிகம். பூர்வஜென்மப் பயன் என்று ஆயிரம் ஆண்டுகள் கேட்டுப் பழகிய காது, எந்தக் கதையைக் கேட்டாலும் அதையேதான் கேட்கும்.

எனக்கு அந்தக் கதையில் தெரிவது வேறு. அந்த அரசனைப் பாருங்கள். அவன் எப்படி அரசன் ஆனான்? பிறப்பால். அவனுக்கு இந்த நாட்டின் மீது உள்ள ஒரே உரிமை அவன் இன்னாருக்குப் பிறந்தான் என்பதுதான். அதே பிறப்பு, 'இந்த ஏழையின் மகன் ஆளப்போகிறான்' என்று சொன்னதும் அவன் என்ன செய்கிறான்? கத்தியை எடுக்கிறான். பிறப்பு விதித்தது என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே? ஏற்கமாட்டான். தனக்குச் சாதகமாக இருக்கும்வரைதான் பிறப்பு புனிதம். ஏழைக்குச் சாதகமானால் அது சதி.

இந்த அரசனை நமக்குத் தெரியும். தகுதி, திறமை என்று மேடைபோட்டுப் பேசுவான். அவன் பாட்டனும் முப்பாட்டனும் எந்தத் தேர்வும் எழுதாமலேயே அக்கிரகாரத்தையும் நிலத்தையும் கல்வியையும் பிறப்பால் எடுத்துக்கொண்டதைப் பேசமாட்டான். இட ஒதுக்கீடு என்று வந்ததும் "பிறப்பைப் பார்த்து எப்படிக் கொடுக்கலாம்?" என்று நியாயம் கேட்பான். பிறப்பைப் பார்த்துப் பறித்தபோது அந்த நியாயம் எங்கே போயிருந்தது? 'தி லக் சைல்ட்' கதையின் அரசனிடம் இந்த இரட்டை நாக்கு அப்பட்டமாக இருக்கிறது. அவன் தீர்க்கதரிசனத்தை நம்புகிறான், நம்புவதால்தான் பயப்படுகிறான். ஏழை ஆளத் தகுதியற்றவன் என்று உண்மையிலேயே நினைத்திருந்தால் ஒரு பச்சைக் குழந்தையைக் கண்டு அவன் ஏன் நடுங்க வேண்டும்?

அந்தக் கடிதத்தையும் பாருங்கள். தன் மரண உத்தரவைத் தானே சுமந்துகொண்டு போகிறான் பையன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம். எழுத்து யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் உயிரும் இருக்கிறது. கதையில் அந்த எழுத்தை மாற்றுபவர்கள் யார்? அமைச்சர்களும் குருமார்களும் அல்ல, காட்டில் பதுங்கி வாழும் திருடர்கள். சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள்தான் சட்டத்தின் வாசகத்தைத் திருத்துகிறார்கள். தெய்வம் வானத்திலிருந்து இறங்கி எதையும் செய்யவில்லை. ஒரு கை பேனாவை எடுத்தது, ஒரு வரியை மாற்றியது. இதை நான் எப்படி விதியின் வெற்றி என்று ஒப்புக்கொள்வேன்?

நம் புராணம் என்ன செய்தது?

இதே கதை நம்மிடமும் உண்டு. சந்திரஹாசன் கதை. ஜைமினி பாரதத்தில் நாரதர் அர்ஜுனனுக்குச் சொல்வதாக வரும். நாடகமாகவும் சினிமாவாகவும் தமிழ்நாட்டில் ஓடியிருக்கிறது. நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரே எலும்புக்கூட்டின் மேல் இரண்டு சமூகங்கள் எந்தச் சதையை வைத்தன என்பதுதான் முக்கியம்.

சந்திரஹாசனும் அநாதையாக வளரும் பிள்ளை. அவன் ஆளப்போகிறான் என்று மந்திரி துஷ்டபுத்திக்குத் தெரியவருகிறது. கொல்ல ஆள் அனுப்புகிறான். கொலையாளிகள் மனமிரங்கி ஆறாவது கால்விரலை மட்டும் வெட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். பிள்ளை வளர்கிறது. மந்திரி கடிதம் கொடுத்து அனுப்புகிறான்: இவனுக்கு விஷத்தைக் கொடு. தோட்டத்தில் தூங்கும் சந்திரஹாசனைப் பார்த்து மயங்கிய மந்திரியின் மகள் விஷயை, 'விஷம்' என்பதை 'விஷயை' என்று திருத்திவிடுகிறாள். திருமணம் நடக்கிறது. அச்சு அசலாக அதே கதை.

வேறுபாடு எங்கே? முதலில் அவன் பிறப்பில். கிரிம் கதையில் பையன் ஓர் ஏழைப் பெண்ணின் மகன். ஹென்சனின் தொடரிலும் அவன் எளிய குடியில் பிறந்தவன். நம் புராணத்திலோ சந்திரஹாசன் உண்மையில் கேரள அரசனின் மகன்! எதிரிகள் தகப்பனைக் கொன்றதால் தாதியோடு ஊர்விட்டு வந்தவன். அதாவது ஏழை அரசனாவது போல் தெரியும், ஆனால் ஆகவில்லை. சத்திரியன்தான் அரசனானான். தற்காலிகமாகத் தொலைந்த சாதி திரும்பக் கிடைத்தது, அவ்வளவே. போதாக்குறைக்கு அவன் வாயில் ஒரு சாளக்கிராமத்தையும் வைத்தாகிவிட்டது. சாமானியன் ஒருவன் சிங்காசனம் ஏறுவதை ஒரு கதைக்குள்ளேகூட வர்ணாசிரமத்தால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது வேறுபாடு முடிவில். துஷ்டபுத்தி காளி கோயிலில் ஆள் வைத்து மருமகனைக் கொல்லத் திட்டமிடுகிறான். மாறிப்போய் அவன் சொந்த மகன் மதனன் செத்துப்போகிறான். மந்திரியும் உயிரை விடுகிறான். பிறகு? சந்திரஹாசன் தேவியிடம் வேண்டி இருவரையும் உயிர்ப்பிக்கிறான். குழந்தையைக் கொல்ல ஆளனுப்பியவன், விஷம் வைக்கச் சொன்னவன், கோயிலில் கொலைக்கு ஏற்பாடு செய்தவன் எல்லாரும் ஒரே ஆளே. அவன் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். எல்லாம் சுபம். மன்னிக்க வேண்டியது எப்போதும் பாதிக்கப்பட்டவனின் கடமை என்பதைக் குழந்தைகளுக்கு இதைவிட அழகாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. எந்த வன்கொடுமை நடந்தாலும் மறுநாளே "ஊர் ஒற்றுமைக்காகச் சமாதானமாகப் போங்கள்" என்று சேரிக்கு வந்து உட்காருகிறார்களே, அவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

மூன்றாவது வேறுபாடுதான் எனக்குப் பெரியது. சந்திரஹாசன் கதையில் ஓடக்காரரே இல்லை.

ஓடக்காரர்

நம் கதைகளில் "அரசர் வந்தார், ஓடக்காரன் நின்றான்" என்றுதான் சொல்லிப் பழக்கம். மேலே இருப்பவருக்கு 'அர்', கீழே இருப்பவருக்கு 'அன்'. இந்தக் கட்டுரையில் நான் அரசன் என்றும் ஓடக்காரர் என்றும் எழுதிவருவது தெரிந்தேதான்.

அந்த ஓடக்காரர் எத்தனை காலமாகத் துடுப்புப் போடுகிறார் என்று அவருக்கே கணக்கில்லை. இறங்க முடியாது. ஏன் என்று தெரியாது. யார் விதித்தது என்றும் தெரியாது. போகிறவர்களும் வருகிறவர்களும் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அவர் மட்டும் இரண்டு கரைக்கும் நடுவே. பொன் இறகு எடுக்கப் போகும் பையனிடம் அவர் பொன்னைக் கேட்கவில்லை, வீடு வாசல் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிவரச் சொல்கிறார். நான் எப்போது இறங்குவேன்?

பதில் யாரிடம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கிரிஃபினிடம், கிரிம் மூலத்தில் பிசாசிடம். அடிமைத்தனம் எப்படி உடையும் என்பது அடிமைப்படுத்தும் தரப்புக்கு எப்போதும் தெரியும். நமக்குத்தான் தெரியக்கூடாது. அந்தப் பதிலும் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அடுத்து ஏறுகிறவர் கையில் துடுப்பைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போ. அவ்வளவுதான். கிரிம் கதையில் பிசாசு இதை ஏளனத்தோடு சொல்கிறது, முட்டாள், இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல.

இந்த இடத்தில் நம் நாயகனையும் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கிரிம் கதையில் பையன் பதிலைத் தெரிந்துகொண்டு திரும்பி வருகிறான். ஓடக்காரர் ஆவலோடு கேட்கிறார். "முதலில் என்னை அக்கரை சேர், பிறகு சொல்கிறேன்" என்கிறான் பையன். கரையேறி, கால் மண்ணில் பட்ட பிறகுதான் ரகசியத்தைச் சொல்கிறான். புத்திசாலி! படகில் இருக்கும்போதே சொல்லியிருந்தால் துடுப்பு இவன் கைக்கு வந்திருக்கும்.

நம்மில் கரையேறிய பலரை நான் இந்தப் பையனிடம் பார்க்கிறேன். படித்து, வேலை வாங்கி, நகரத்தில் வீடு வாங்கி, கரையில் நின்றுகொண்டு ஓடக்காரருக்கு வழி சொல்கிறோம். "நீங்களும் படிங்க, நீங்களும் வெளியே வாங்க." அறிவுரையில் தப்பில்லை. ஆனால் நம்மைக் கரைசேர்த்த படகு யார் கையால் ஓடியது என்ற நினைப்பு இருக்கிறதா? ஒரு பிள்ளை ஆட்சிப் பணித் தேர்வில் வென்றால் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். அதையே விடுதலை என்று முடித்துக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை. அதிர்ஷ்டக் குழந்தை சிங்காசனம் ஏறிய அன்றும் படகு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மேலே போன துடுப்பு

கதையின் முடிவு எல்லாருக்கும் பிடித்தது. பையன் கொண்டுவந்த செல்வத்தைப் பார்த்து அரசனுக்கு ஆசை பிடிக்கிறது. தானும் போய் அள்ளிவரக் கிளம்புகிறான். ஓடக்காரரின் படகில் ஏறுகிறான். அவர் துடுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் குதிக்கிறார். அரசன் இன்றும் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இந்த முடிவு பிடிப்பது அரசன் தண்டிக்கப்பட்டான் என்பதற்காக மட்டும் அல்ல. அந்தத் துடுப்பு போன திசைக்காக. 'அடுத்தவர் கையில் கொடுத்துவிடு' என்ற அந்த ரகசியம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. சாதி அமைப்பு நடப்பதே அந்த ஒரு விதியில்தான். ஆனால் இங்கே துடுப்பு எப்போதும் கீழ்நோக்கியே கைமாறும். அண்ணல் அம்பேத்கர் இதற்குப் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு சாதிக்கும் கீழே ஒரு சாதி இருப்பதால், மேலிருந்து வரும் மிதியைக் கீழே இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்துவிடுகிறது; அதனால் எல்லாரும் சேர்ந்து மேலே பார்த்துக் கேள்வி கேட்பது நடக்காமலே போகிறது. தன் முதுகில் இருக்கும் சுமையைக் கீழே இருப்பவன் முதுகுக்கு மாற்றிவிட்டு "நானும் ஆண்ட பரம்பரைதான்" என்று பேனர் கட்டுகிறவர்கள் செய்வது இதைத்தான். துடுப்பை மேலே ஏறி வருகிறவன் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவே இல்லை. இந்தக் கதையில் அந்த ஓடக்காரருக்குத் தோன்றியது.

சாதி என்பது வேலைப் பிரிவினைதானே, எல்லா நாட்டிலும் உள்ளதுதானே என்று இன்றும் வாதாடுகிறார்கள். 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையிலேயே அம்பேத்கர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்: இது வேலைகளைப் பிரித்தது அல்ல, வேலை செய்யும் மனிதர்களைப் பிரித்துத் தனித்தனி அறையில் அடைத்தது. படகு ஓட்டுவது ஒரு வேலை. படகிலிருந்து இறங்கவே முடியாது, உன் மகனும் இறங்க முடியாது என்பது சாதி.

தந்தையின் துடுப்பைப் பிள்ளை கையில் திணிக்கும் முயற்சிகளுக்கு நம் மாநிலத்திலேயே வரலாறு உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின்படி கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நேரம்தான் பள்ளி; மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் அதைச் சரியாகப் பெயரிட்டு அழைத்தார். எதிர்ப்பில் 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து 2023-இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, விண்ணப்பிப்பவரின் குடும்பம் பாரம்பரியமாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. இந்த மண்ணுக்குத் துடுப்பை அடையாளம் தெரியும் என்பதால்தான் அந்த எதிர்ப்பு.

சிறைக்குள் போனால் இன்னும் வெளிப்படை. சமையல் இன்ன சாதிக்கு, துப்புரவு இன்ன சாதிக்கு என்று சிறை விதிமுறைகளில் சுதந்திர இந்தியா எழுதிவைத்திருந்தது. அதை உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்தது எப்போது? 2024 அக்டோபரில். குற்றம் ஒன்றுதான், தண்டனை ஒன்றுதான். ஆனால் துடுப்பு மட்டும் சாதி பார்த்துக் கொடுக்கப்பட்டது.

மலக்குழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்துகொண்டே வருகிறது. இறங்குகிறவர்களின் சாதி மட்டும் மாறவில்லை.

உழைப்பு என்ன தண்டனையா?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். "அரசனுக்குப் படகோட்டும் வேலையைத் தண்டனையாகக் கொடுப்பது உழைப்பை இழிவுபடுத்துவது ஆகாதா? படகோட்டுவது கேவலமா?"

கேவலம் இல்லை. படகோட்டுகிறவர் இல்லாவிட்டால் அந்தக் கதையில் யாரும் எங்கும் போயிருக்க முடியாது. அந்த ஓடக்காரருக்குச் சாபமாக இருந்தது துடுப்புப் போடுவது அல்ல, இறங்க முடியாதது. கூலி வாங்கி, பொழுது சாய்ந்ததும் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய், பிடிக்காவிட்டால் நாளை வேறு வேலைக்குப் போகலாம் என்றிருந்தால் அது வேலை. அரசன் விஷயத்திலும் அப்படித்தான். அவனுக்கு வலிப்பது துடுப்பின் கனம் மட்டும் அல்ல. இதுவரை இன்னொருவருக்கு இயற்கை என்று அவன் நினைத்திருந்தது தனக்கு நேர்ந்தது.

இந்த வேறுபாடு வெறும் கதை விமர்சனத்துக்கானது இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்து, சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. அப்போது நம் தரப்பிலிருந்தே ஒரு வாதம் கிளம்பியது. பணி நிரந்தரம் கேட்பது குலத்தொழிலை நிரந்தரமாக்குவது, நம் மக்கள் குப்பை அள்ளும் வேலையிலிருந்து வெளியே வர வேண்டும், அதற்குள்ளேயே நிரந்தரம் கேட்கக்கூடாது என்று.

கேட்பதற்குப் புரட்சியாக இருக்கிறது. ஆனால் இது கரையில் நின்று பேசும் பேச்சு. அந்தப் பெண்கள் வெளியேறுவதை எந்தப் பணி நிரந்தரம் தடுக்கிறது? தடுப்பது வறுமை. பாதிக் கூலி, பிடித்தம் போக மீதி, பணி பாதுகாப்பு இல்லை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கடன். இந்தக் கண்ணிகள்தான் மகளையும் அதே வேலைக்கு இழுத்து வருகின்றன. இன்று துடுப்புப் போடுகிறவருக்கு முழுக் கூலியும் ஓய்வூதியமும் கிடைத்தால்தான் அவர் பிள்ளை படகுக்கு வராமல் பள்ளிக்குப் போகும். கூலியைப் பறித்துக்கொண்டு "தூக்கி எறி துடுப்பை" என்று உபதேசிப்பதால் அவர் கரையேற மாட்டார். ஒப்பந்தக்காரரின் ஓட்டைப் படகுக்குத்தான் மாறுவார். மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர் செய்த வேலையை ஒப்பந்தப் பணியாளர் கையில் திணித்ததே துடுப்பைக் கீழ்நோக்கிக் கைமாற்றியதுதான். அதை எதிர்த்து உட்கார்ந்தவர்களிடம் சாதி ஒழிப்புப் பாடம் நடத்தத் தேவையில்லை. அவர்கள் மேலே பார்த்துத்தான் கேட்டார்கள்.

வெளியேறுவதற்கு வழியும் வேண்டும், இருக்கும்வரை உரிமையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் எந்தக் கரையில் நின்று சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

குறுக்கே கேட்கும் நாய்

அந்தக் கதைக்கு ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசன் கையில் துடுப்பு வந்ததோடு கதை திருப்தியடைந்துவிடுகிறது. படகு அப்படியேதான் இருக்கிறது. யாராவது ஒருவர் அதில் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. பேராசையால் அரசன் வந்தான், சரி. அன்று அரசனுக்குப் பதிலாக விறகு விற்றுத் திரும்பும் ஒரு கிழவி ஏறியிருந்தால்? துடுப்பு அவள் கைக்குத்தான் போயிருக்கும். நாம் கேட்பது ஆள்மாற்றம் அல்ல. இடம் மாறி மிதிப்பதற்கு அம்பேத்கர் சாதி ஒழிப்பு என்று பெயர் வைக்கவில்லை. அந்த ஆற்றுக்கு ஒரு பாலம் கட்ட வேண்டும். மலக்குழிக்கு இயந்திரம் வர வேண்டும் என்று நாம் சொல்வதும் அந்தப் பாலத்தைத்தான்.

ஆனாலும் ஒரு குழந்தைகள் தொடர் இவ்வளவு தூரம் நம்மை அழைத்துவந்திருக்கிறது என்றால் அதற்கு அந்த நாயும் காரணம். கிழவர் பெருமையாகக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்; அது குறுக்கே புகுந்து ஏன், எப்படி என்று கேட்கும். நம் தோல்பாவைக் கூத்திலும் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று குறுக்கே பேசும் பாவைகள் உண்டு. கதை நிகழும் இடத்தில் எதிர்க்கேள்விக்கு ஒரு பொம்மையாவது இருக்க வேண்டும் என்று சாமானியக் கலைஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உபன்யாச மேடைகளில்தான் அதற்கு இடம் இல்லை. அங்கே ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஆகவே இந்த அத்தியாயம் கிடைத்தால் பாருங்கள். தம்பி தங்கைகளுக்கும் தெருவில் உள்ள பிள்ளைகளுக்கும் இரவுப் பாடசாலைகளிலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். அரசன் வருவதற்கு முன்னால் அந்தப் படகில் எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள், அவர்களில் ஒருவர்கூட ஓடக்காரரின் பெயரைக் கேட்கவில்லையே ஏன் என்று கேளுங்கள்.